தோல் கறுக்கட்டும்

எங்கள் அடுப்படிக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்தப் பழத்தை இன்னுமா தூக்கிப் போடல?" என்றுதான். சன்னலோரம் ஒரு சீப்பு விருப்பாட்சி மலைவாழை தொங்கிக்கொண்டிருக்கும். தோல் சுருங்கி, கறுத்து, காம்பு காய்ந்து, பார்க்க லட்சணமாக இராது. உரித்துப் பார்த்தால்தான் தெரியும், சதை குழையவே இல்லை என்று. கீழ்நாட்டுப் பழம் இந்த அளவுக்குக் கறுத்தால் உள்ளே கூழாகி ஈ மொய்க்கும். மலைவாழையோ நீர் வற்றி, இனிப்பு ஏறி, அல்வாப் பதத்தில் நிற்கும். பழநியில் சொட்டுத் தண்ணீர் விடாமல் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள் என்றால் இந்தக் குணத்தை நம்பித்தான். அதே நம்பிக்கையில்தான் நான் மஃபின் சுடுகிறேன்.

வேறு பழம் பிடித்தவர்கள் உண்டு. மோரிஸ்தான் மசிக்க எளிது என்பார் ஒருவர். எளிதுதான், ஆனால் அதில் தண்ணீர் அதிகம். மஃபினின் அடிப்பாகம் களி மாதிரி ஆகிவிடும். ரஸ்தாளிக்கு மணம் உண்டு, ஓவன் சூட்டில் அது நிற்பதில்லை. நேந்திரன் மாவு மாவாக இருக்கும்; அதைச் சிப்ஸுக்கு விட்டுவிடலாம். பூவனோடு எனக்குப் பகையில்லை. மலைப்பழம் கிடைக்காத மாதங்களில் பூவன்தான் கைகொடுக்கிறது. ஆனாலும் அதைச் சுட்டு வைத்துக்கொண்டு விருந்தாளியைக் கூப்பிட மாட்டேன்.

பன்னிரண்டு மஃபினுக்கு 220 கிராம் மாவு, நன்றாகக் கறுத்த மலைப்பழம் ஆறு. மாவில் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு கோதுமை. முழுக்கக் கோதுமையில் சுட்டுவிட்டு ஆரோக்கியம் என்று நீட்டுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு நிறையத் தண்ணீர் குடிப்பேன். எண்ணெய் செக்குத் தேங்காயெண்ணெய். அளவுகளில் இவ்வளவு சொன்னால் போதும். நான் உயிரை விடுவது சோடா உப்பு விஷயத்தில்தான். பழம் கறுக்கக் கறுக்க அதன் புளிப்பு அடங்கிவிடுகிறது. புளிப்பு இல்லாமல் சோடா உப்பு சரியாக வேலை செய்யாது; மாவு போதிய அளவு உப்பாது, சோப்பு ருசிதான் மிஞ்சும். அதனால் முதல் நாள் புளித்த தயிர் இரண்டு கரண்டி. பிறகு கை வேகம். ஈரமும் மாவும் கலந்த பிறகு பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் கரண்டி போகக் கூடாது. ஆங்காங்கே மாவுத் திட்டு தெரிந்தால் தெரியட்டும். வழுவழுவென்று வரும்வரை அடித்தால் மைதாவில் இழுவை ஏறி, வெட்டிப் பார்க்கும்போது உள்ளே எலி வளை மாதிரி நீளத் துளைகள் ஓடும். முதல் ஆறு நிமிடம் 200 டிகிரி, பிறகு 180. அந்த முதல் சூட்டில்தான் தலை குமிழ்ந்து வெடிக்கும். வெடிக்காத மஃபினை நான் மஃபின் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் பித்து கொடைக்கானலில் பிடித்தது. அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் வீடு கட்டிக் குடியேறிய ஊர் அது. பள்ளிச் சுற்றுலா போனபோது, ஏரிக்குப் போகிற வழியில் ஒரு பாட்டி கண்ணாடிப் பெட்டியில் வாழைப்பழ மஃபின் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தலை வெடித்து, ஓரம் பழுப்பேறி, மேலே கிரீமோ செர்ரியோ எதுவும் இல்லை. கடித்ததும் அம்மாச்சி வீட்டு அரங்கு வாசனை வந்தது. அரங்கு என்றால் சாமான் வைக்கும் உள்ளறை; அதன் உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட வாழைத்தாரின் வாசனை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிவரும் அதே பழம்.

இப்போது நகரத்துக் கடைகளில் மஃபின் என்று தருவது உண்மையில் கப்கேக். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மேலே ஒரு கோபுரம் கிரீம் பிழிந்திருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் ஒரு கடையில் வாழைப்பழ மஃபின் என்று வாங்கினேன். மூக்கருகே கொண்டுபோனதும் நெயில் பாலிஷ் நினைவு வந்தது. எசென்ஸ். ஐசோஅமைல் அசிடேட் என்ற ஒரே வாசனையைப் பிடித்துப் புட்டியில் அடைத்துவிட்டால் வாழைப்பழம் ஆகிவிடுமா? கறுத்த மலைப்பழத்தில் வெல்லப்பாகு உண்டு, லேசான புளிப்பு உண்டு, கிராம்பை நினைவூட்டும் ஒரு காரமும் உண்டு. அதற்கு ஏழெட்டு நாள் காத்திருக்க வேண்டும். எந்தக் கடை காத்திருக்கும்?

பழமே காத்திருக்காத காலமாகிவிட்டது. கீழ்ப்பழநி மலையில் காப்பிச் செடிக்கு நிழலாக நின்ற மலைவாழைத் தோட்டங்களை 1970-களில் முடிக்கொத்து நோய் சூறையாடியது. அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி அது. இலைகள் குருத்தில் கொத்தாக அடைத்துக்கொள்ளும், மரம் தார் தள்ளாது. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்து கொஞ்சம் மீண்டது. புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அந்தப் பழமா என்பதைத்தான் நீங்கள் முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். கார்பைடு கல் போட்டுப் பழுக்கவைக்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை வைக்கலாம் என்கிறார்கள், அதில் கெடுதல் இல்லை. ஆனால் முற்றாத காயை வெட்டி எந்த வாயு காட்டினாலும் தோல்தான் மஞ்சளாகும். புகைமூட்டம் போட்ட தாரில் முதல் சீப்பு பழுக்கும்போது கடைசிச் சீப்பு பச்சையாக இருக்கும். இன்றைக்குத் தார் முழுக்க ஒரே மஞ்சள்.

அம்மாச்சிக்குப் பழமும் மருந்தும் ஒரே அரங்கில்தான் இருந்தன. தாருக்குக் கீழே மண்கலயங்களில் சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி. மலச்சிக்கலா, ராத்திரி படுக்கும்முன் ஒரு பழம். வயிற்றுப் பொருமலா, ஓமத் தண்ணீர். தொண்டைக் கமறலா, சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம். நானும் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் அந்தக் கலயங்களைத்தான் திறக்கிறேன். மூன்று நாள் காய்ச்சல் விடாவிட்டால் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னதும் அதே அம்மாச்சிதான். கை வைத்தியத்தைக் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். கருப்பட்டி சேர்த்ததால் சர்க்கரை நோய்க்காரரும் சாப்பிடலாம் என்று மஃபினை விற்கிறார்கள். கருப்பட்டியும் இனிப்புதானே, ரத்தத்துக்கு என்ன வித்தியாசம்? நான் கருப்பட்டி போடுவது அதன் லேசான புகை வாசனைக்காக. அதோடு ஒரு கரண்டி சலித்த சுக்குத்தூள். தேனை மாவில் சேர்க்க மாட்டேன். சூடு பட்டால் அதன் மணம் பறந்துவிடும். ஆறிய பிறகு தலையில் லேசாகத் தடவுவதோடு சரி.

அம்மாச்சியின் கடைசி மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச் சளி. மாத்திரை ஒரு பக்கம், கஷாயம் ஒரு பக்கம். சளிக்கு வாழைப்பழம் ஆகாது என்பது அவள் விதி. சின்ன வயதில் மூக்கு ஒழுகினால் எங்களைத் தார்ப்பக்கமே விடமாட்டாள். அன்று நான் சுட்ட மஃபினைச் சுக்குக் காப்பியோடு கொண்டுபோய் வைத்தேன். என்ன என்று அவள் கேட்கவில்லை. ஒன்றைப் பிட்டு, முகர்ந்து, தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"அம்மாச்சி, அது வாழைப்பழம். சளிக்கு ஆகாதுன்னு சொல்வியே?"

"யாரு சொன்னா வாழைப்பழம்னு? இது சுக்குப் பணியாரம்டி," என்றாள். பிறகு அரங்குப் பக்கம் தலையைத் திருப்பி, "அந்தச் சீப்புல இன்னும் எத்தன கறுத்திருக்கு, பாரு."