திறந்த கதவுக்கு வெளியே நின்ற தாய்மார்கள்

லண்டனின் ஸ்டெப்னி காஸ்வே தெருவில் 1870-இல் தாமஸ் ஜான் பார்னார்டோ ஒரு சிறுவர் இல்லம் தொடங்கினார். ஆதரவற்ற எந்தக் குழந்தைக்கும் இங்கே இடம் மறுக்கப்படாது என்று பின்னாளில் அதன் வாசலில் பலகை வைத்தார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. ஜான் சாமர்ஸ் என்ற பதினோரு வயதுப் பையன் ஒரு நாள் இரவு இடம் கேட்டு வந்தான். படுக்கை காலியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, பட்டினியாலும் குளிராலும் இறந்து கிடந்தான். அதன் பிறகு ‘இல்லை’ என்ற பதிலே கிடையாது என்பது அந்த அமைப்பின் விதியாயிற்று.

இந்த விதி எவ்வளவு பெரியது என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தை அறிந்தால்தான் புரியும். ஏழைகளுக்கு அரசு வைத்திருந்தது ‘ஒர்க்ஹவுஸ்’ என்ற வேலை இல்லம். உள்ளே போகவே அஞ்சும்படி வேண்டுமென்றே கடுமையாக நடத்தப்பட்டது. தனியார் தர்மத்தை ஒழுங்குபடுத்த முளைத்த சங்கமோ, உதவி கேட்பவர் தகுதியான ஏழையா, தகுதியற்ற ஏழையா என்று விசாரித்த பிறகே கையைத் திறக்க வேண்டும் என்றது. பார்னார்டோ இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் சோறு, படுக்கை; விசாரணை பிறகு. குடிகாரனின் மகன், மணமாகாத பெண்ணின் குழந்தை, ஊனமுற்ற பிள்ளை என்று யாரையும் வாசலில் வைத்துத் தரம் பிரிக்கவில்லை. சீனாவுக்கு மிஷனரியாகப் போவதற்காக 1866-இல் டப்ளினிலிருந்து வந்த இளைஞர் அவர். அந்த ஆண்டு கிழக்கு லண்டனில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1905-இல் இறந்தபோது 96 இல்லங்களில் சுமார் 8,500 குழந்தைகள் இருந்தார்கள். இந்தப் பணியின் அடித்தளம் ஈரம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் யாரையும் மறுக்காத வாசலுக்கு ஓயாமல் பணம் வேண்டும். பணம் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் கோளாறு எங்கே தொடங்கியது என்பது தெரிகிறது. 1874-இலிருந்து இல்லத்திலேயே புகைப்படப் பிரிவு இயங்கியது. ஒரே குழந்தைக்கு இரண்டு படங்கள்: வந்த நாளில் கிழிசலும் அழுக்கும், பிறகு சீருடையும் கையில் தொழிற்கருவியும். அட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள்; நன்கொடை குவிந்தது. 1877-இல் இந்தப் படங்களும் வேறு சில புகார்களும் அவரை விசாரணைக் குழுவின் முன் நிறுத்தின. குழந்தைகள் வந்ததைவிட மோசமான கோலத்தில் ஜோடிக்கப்பட்டார்கள் என்பது படங்கள் மீதான புகார். தனிப்பட்ட ஒரு பிள்ளையை அல்ல, தெருக்குழந்தைகள் என்ற வகையையே படம் காட்டுகிறது என்று அவர் வாதாடினார். நடுவர்கள் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள். படங்களில் செய்த புனைவை மட்டும் கண்டித்தார்கள்.

பொய்யான படம் என்பதோடு இந்த விஷயத்தை முடித்துவிடுகிறவர்கள் பெரிய தவறைக் கவனிக்கவில்லை என்பேன். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே ஒரு தாய் இருந்தாள். பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரை இழந்தவர்கள் அல்ல. தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். கணவனை இழந்தவள், நோயாளி, வேலை பறிபோனவன், வாடகை கட்ட முடியாதவள். அந்தத் தாய் அட்டையில் எங்கும் இல்லை. இருந்தால் நன்கொடையாளர் வேறு கேள்வி கேட்டிருப்பார்: இந்தக் குழந்தையைப் பிரித்தெடுத்து வளர்ப்பதைவிட, அவளுக்கே வாரம் சில ஷில்லிங் கொடுத்தால் ஆகாதா?

தாயை அழித்த படம், நாளடைவில் தாயை அழிக்கும் நடைமுறையாயிற்று. பெற்றோர் ஒழுங்கற்றவர்கள் என்று தனக்குப் பட்டால், சட்டம் அனுமதிக்காதபோதும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டதாகவும் திருப்பித் தர மறுத்ததாகவும் பார்னார்டோ வெளிப்படையாகவே எழுதினார். மதமும் சேர்ந்துகொண்டது. அவர் தீவிர புராட்டஸ்டண்ட். கிழக்கு லண்டனின் ஏழைகளில் பலர் ஐரிஷ் கத்தோலிக்கர். ஹாரி கோசேஜ் என்ற சிறுவனைத் தாய் தெருவில் ஆர்கன் வாசிப்பவர்களிடம் விற்றுவிட்டாள். பையன் பார்னார்டோவிடம் வந்து சேர்ந்தான். பிறகு அவனைக் கத்தோலிக்க இல்லத்துக்கு மாற்றுங்கள் என்று தாய் தரப்பு கேட்டபோது, கனடாவுக்குப் போகும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன், முகவரி தெரியாது என்றார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1892-இல் அவர் தோற்றார். இத்தகைய வழக்குகள் கிளப்பிய விவாதத்தில், பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர் திரும்பிக் கேட்டாலும் மறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் சட்டம் 1891-இல் வந்தது. மக்கள் அதற்கு ‘பார்னார்டோ சட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். பிள்ளை தகப்பனின் சொத்து என்ற பழைய எண்ணத்தை அது அசைத்தது. அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். விற்கிற தாயிடமிருந்து பிள்ளையைக் காப்பது நியாயம். அதே தராசில் ஏழைத் தாயையும் வைத்ததுதான் அநியாயம்.

கனடா இந்த அநியாயத்தின் உச்சம். முன்வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டுமானால் பின்வாசல் வழியாக ஆட்கள் வெளியேற வேண்டும் என்பது பார்னார்டோ தாமே சொன்ன கணக்கு. 1882-இல் முதல் குழு கப்பலேறியது. அடுத்த அரை நூற்றாண்டில் இந்த ஓர் அமைப்பு மட்டும் சுமார் 30,000 பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பியது. ஆளுக்கு ஒரு பெட்டி. அதில் உடுப்புகளும் ஒரு பைபிளும். அங்கே அவர்களில் பெரும்பாலோர் மகனோ மகளோ ஆகவில்லை. பண்ணையாளாகவும் வீட்டு வேலைக்காரியாகவும் ஆனார்கள். நல்ல குடும்பம் வாய்த்துச் செழித்தவர்களும் உண்டு. ஆனால் வாய்ப்பதும் வாய்க்காததும் அதிர்ஷ்டத்தின் கையில் விடப்பட்டது. பரந்து கிடந்த பண்ணைகளைச் சுற்றிப்பார்க்க ஆய்வாளர்கள் மிகச் சிலரே. 1895-இல் ஒண்டாரியோவில் ஜார்ஜ் கிரீன் என்ற பதினைந்து வயதுப் பையன், போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே பண்ணை வீட்டில் இறந்தான். வேலை வாங்கிய பெண்மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இதற்குப் பிறகும் கப்பல்கள் நிற்கவில்லை. துணையின்றி வரும் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கனடா 1925-இல் தடுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதை அமைப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சமாதானம் சொல்வதுண்டு. பார்னார்டோ விஷயத்தில் இது செல்லாது. அவரிடமே வேறு வழி இருந்தது. வீட்டு வேலை பார்க்கும் மணமாகாத தாய்மாருக்காக 1889 வாக்கில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எஜமானிக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்; குழந்தையைத் தாய் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே ஒரு பெண்மணி வளர்ப்பாள்; செலவில் ஒரு பங்கு தாயின் சம்பளத்திலிருந்து, மீதி இல்லத்திலிருந்து. தாய்க்கு வேலை போகாது. ஓய்வு நாளில் பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம். முதல் குழந்தையாக இருக்க வேண்டும், நன்னடத்தைக்குச் சான்று வேண்டும் என்று நிபந்தனைகளும் உண்டு. அங்கே தகுதியான ஏழை மறுபடி எட்டிப்பார்க்கிறாள். இருந்தாலும் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்பது என் கருத்து. கப்பல் செலவும் கட்டடச் செலவும் இதன் பக்கம் திரும்பியிருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்! திரும்பவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கும் கதையை இரண்டு படங்களாக வெட்டி விற்க முடியாது.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. குழந்தைகள் நலப்பொறுப்பை 1948 சட்டம் உள்ளாட்சிகளின் கையில் தந்தது. பெற்றோரைப் பிரிந்த பிள்ளையின் மனம் என்னவாகும் என்ற ஆராய்ச்சிகள் பெரிய விடுதிகளின் மேலிருந்த நம்பிக்கையைக் குலைத்தன. அமைப்பு 1960-களில் பெயரிலிருந்து ‘இல்லங்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. 1980-களின் முடிவுக்குள் பழைய பாணி இல்லங்களை மூடியது. இன்று பார்னார்டோஸ் வளர்ப்புக் குடும்பங்களைத் தேடித் தருகிறது, நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர்களுக்குத் துணை நிற்கிறது, குடும்பங்களோடு அவர்கள் வீட்டிலேயே வேலை செய்கிறது. தன்னிடம் வளர்ந்தவர்களுக்குப் பழைய கோப்புகளைத் தேடித் தருவதற்கென்றே ஒரு பிரிவும் வைத்திருக்கிறது. பிரித்த கையே சேர்க்கவும் முயல்வதை நான் மதிக்கிறேன்.

அதனால் கோளாறு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது வருமானத்தில் பெரும்பகுதி அரசு ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. நாடு கடத்தப்படவிருந்த புகலிடக் குடும்பங்களை அடைத்துவைக்க 2011-இல் பிரிட்டிஷ் அரசு ‘சீடர்ஸ்’ என்ற மையத்தைத் திறந்தபோது, உள்ளே நலப்பணி செய்ய ஒப்புக்கொண்டது இந்த அமைப்புதான். நாங்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளின் கதி இன்னும் மோசமாகும் என்றது. அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நல்ல பெயருள்ள தர்மம் உள்ளே நின்றதால் பூட்டுக்கு மரியாதை கிடைத்தது. மையம் 2016-இல் மூடப்பட்டது. அன்று நன்கொடையாளருக்குப் பிடித்த கதை பணியைத் திருப்பியது போல, இன்று அரசின் தேவை திருப்புகிறது.

சிறுவர்களைக் கடல்கடந்து அனுப்பிய திட்டங்களுக்காக 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க அந்தத் தாய்மார்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. குழந்தையின் முகம் போட்ட நன்கொடை அட்டை நம் வீட்டுக்கும் வருகிறது. பணம் அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன் இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே இருக்கிறாள், அவளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த அமைப்புக்கே கொடுங்கள்.