ஒரு சிறுவனும் இரு பகைகளும்

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ 1994இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்றதாயினும் அது கொழும்பு வாழ் தமிழ்க் குடும்பமொன்றின் கதை. ஆகவே நம் இலக்கியக் கணக்கிலும் சேரவேண்டிய நூல். அதனை எடுத்துப் பேசுவோருள் பலர், 1983 ஜூலைக் கொடுமையைக் கூறும் இறுதிப் பகுதியை மெச்சிவிட்டு, அதற்கு முற்பட்ட ஐந்து பகுதிகளை மேலோட்டமாகக் கடந்துவிடுகின்றனர். காரணம் வெளிப்படை. கதை சொல்லும் அர்ஜி என்னும் சிறுவன் ஆணை நேசிப்பவனாக வளர்கிறான். தமிழனாக அவன் படும் துயர் நமக்கு வேண்டியது. மற்றையது சங்கடம் தருவது. ஆசிரியரோ இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறார். பிரித்துப் படித்தால் நூல் குலைந்துபோகிறது.

முதற்கதையை நோக்குவோம். பாட்டனார் வீட்டில் சிறுமியரோடு கலியாண விளையாட்டு ஆடும் அர்ஜி, சேலை சுற்றி மணப்பெண்ணாகிறான். மாமி ஒருத்தி அவனை அந்தக் கோலத்திலேயே இழுத்துச் சென்று பெரியோர் முன் நிறுத்துகிறாள். சிரிப்பு எழுகிறது. அன்றுமுதல் தாய், தான் சேலை உடுத்தும் அறைக்குள் அவனை விடுவதில்லை. ‘ஃபன்னி’ என்னும் சொல்லுக்கு வேடிக்கை என்றும் பொருள், விசித்திரம் என்றும் பொருள். தன்மேல் விழுந்தது எது என்று சிறுவன் குழம்புகிறான். (மொழிபெயர்க்க முனைவோர் அகராதியைத் தேடவேண்டுவதில்லை. ‘அவன் ஒரு மாதிரி’ என்று குரலைத் தாழ்த்தி நம் ஊரில் சொல்கிறோமே, அதுவே அச்சொல்.) இறுதிப் பகுதியில் அதே பாட்டனும் பாட்டியும் காருக்குள் வைத்து எரிக்கப்படுகின்றனர். சிரிப்பும் தீயும் ஒன்று என்று ஆசிரியர் கூறவில்லை, நாமும் கூறோம். ஆனால் இரண்டும் புறப்படும் இடம் ஒன்றே: எதிரே நிற்பவன் ஆளாகத் தெரியாமல் வெறும் அடையாளமாகத் தெரியத் தொடங்கும் இடம் அது.

அர்ஜியை ‘ஆணாக்க’ அனுப்பும் பள்ளிக்கு விக்டோரியா என்று ஆசிரியர் பெயரிட்டிருப்பது வெறும் அலங்காரமன்று. ஆணுக்கும் ஆணுக்குமான உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவு, அவ்வரசியின் காலத்து 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது! இவையெல்லாம் மேனாட்டு நோய் என்போர், மேனாட்டிலிருந்து வந்தது எது என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று எண்ணிப் பார்க்கட்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பேடியை உயர்திணையிலேயே வைத்தார். அஃறிணை போலவும் வழங்கலாம் என்று இடம் விட்டவர் பிற்கால நன்னூலார். ஆங்கிலேயர் 1795இல் இத்துறைமுகத்தைப் பிடித்தபோது, அவர்தம் கடற்படைச் சட்டம் இத்தகைய உறவுக்கு மரணதண்டனை விதித்திருந்தது. 1957இல் தளத்தைக் கையளித்துப் போனார்கள். 1967இல் இங்கிலாந்து தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. இங்கே விட்டுச்சென்றதை நாம் நம் பண்பாடு என்று பேணுகிறோம்.

இனிப் பகைமைக் குற்றம் பற்றிய சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் இயற்றப்பட்டது. தேசிய, இன, மதப் பகைமையைத் தூண்டுவதை அதன் 3ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அர்ஜியைத் தமிழன் என்று தாக்கத் தூண்டினால் அச்சட்டம் காண்கிறது. ‘ஒரு மாதிரியானவன்’ என்று தாக்கத் தூண்டினால் அது காண்பதில்லை. அவன் பொலிஸ் நிலையம் சென்று, எதற்காக அடிபட்டேன் என்ற உண்மையைச் சொன்னாலோ, 365அ பிரிவின்கீழ் தானே சந்தேகநபராகும் நிலை.

அதே 3ஆம் பிரிவு யார்மேல் பாய்ந்தது என்பதையும் இலக்கிய வாசகர் அறிதல் வேண்டும். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ‘அர்த’ (பாதி) என்னும் சிறுகதையில், பிக்குகளிடையே தன்பாலுறவையும், அதனின்று முற்றிலும் வேறான சிறார் மீதான பாலியற் கொடுமையையும் மறைமுகமாகச் சுட்டினார். 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். 2021 பெப்ரவரியிலேயே வழக்கினின்று விடுபட்டார். நலிந்தோரைக் காக்கவென்று எழுதப்பட்ட விதி வலியோரின் மனம் நோகாமற் காத்தது.

ஆகவே கடுமையான சட்டமொன்று வந்தாற் போதும் என்னும் மயக்கம் நமக்கில்லை. 1983 ஜூலையில் இந்நகரின் தமிழர் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தியோர் சட்டத்தைக் காக்கவேண்டிய கடற்படையினர். 2006 ஜனவரி 2ஆம் நாள் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட வழக்கில், பதின்மூன்று அதிரடிப்படையினர் 2019இல் விடுவிக்கப்பட்டனர். கொலைக்குச் சட்டம் இல்லாமலா போயிற்று? எனினும், தன்னைக் குற்றவாளி என்னும் ஏட்டின் முன் ஒருவன் எவ்வாறு முறையிடுவான்? முதற்படி அந்த ஏட்டைத் திருத்துவதே. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைச் செய்தது. 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என நம் உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் கூறியது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை.

நம் அணியிலும் இதனை முதலாளித்துவச் சீரழிவு என்று ஒதுக்குவோர் உளர். சோவியத் நாட்டின் 1922ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் இக்குற்றமே இருக்கவில்லை என்பதையும், 1934இல் ஸ்டாலின் காலத்திலேயே அது மீண்டும் புகுந்தது என்பதையும் அவர்கள் படிக்கட்டும்.

நூலின் குறையைச் சொல்லாமல் விடுவது விமர்சனமாகாது. அர்ஜியின் தந்தை விடுதி நடத்தும் செல்வர். குடும்பம் கனடா சென்று உயிர் பிழைக்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் வீட்டில், மீன்வாடியில் பிறந்த அர்ஜிக்கு எந்தக் கனடா? அவனை இந்நாவலில் தேடினால் கிடையான். அதே 1994இல் தமிழ்நாட்டில் வந்த சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யில் ஓரளவு கிடைக்கிறான். கிராமத்து ஏழைக் குடும்பத்திலிருந்து பொறியியற் கல்லூரிக்குப் போன சுயம்பு, எல்லாராலும் தள்ளப்பட்டு மேகலையாகிறாள். செல்வதுரையின் சொல்நயம் அதில் இல்லை; பிரசாரம் இடையிடையே துருத்துகிறது. ஆயினும் பசியும் போக்கிடமின்மையும் அங்கே எழுதப்பட்டுள்ளன. பின்னர் லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் ‘நான் வித்யா’வைத் தாமே எழுதியபோது, வேறொருவர் இரங்கிச் சொல்லவேண்டிய தேவையும் நீங்கியது. நம் நூலகங்களுக்கு வாங்க வேண்டிய வரிசையில் இம்மூன்றையும் அடுத்தடுத்து வைப்போமாயின், ‘ஃபன்னி போய்’ விட்ட இடத்திலிருந்து மாணவர் மேலே படித்துச் செல்ல வழியுண்டு.