அரங்கில் இல்லாத கிழவர்

'மக்கள் பார்க்கிறார்கள், உனக்கென்ன' என்பது தமிழ் சினிமாவுக்காக வெகு காலமாகச் சொல்லப்படும் வாதம். இந்த மக்களுக்கு என்ன வயது என்று நம் விமர்சனம் கேட்பது அபூர்வம்.

டூரிங் கொட்டகை மணலில் பாட்டியும் பேரனும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு வயதாகக் கழன்றுகொண்டது. 1975-ல் சென்னைக்கு டெலிவிஷன், எண்பதுகளில் வீடியோ காஸெட், 1993-ல் சன் டி.வி.; 'சித்தி' (1999) போன்ற தொடர்களுக்குப் பின் நடுவயதுப் பெண்களுக்குக் கதை கிடைக்குமிடம் வீடாயிற்று. மிஞ்சியது பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. ஒரு படத்தின் விதி வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையில் முடிந்துவிடுவதால் வியாபாரம் அவர்களைப் பார்த்தே பேசுகிறது.

விசித்திரம், திரை எதிர்த்திசையில் மூப்படைகிறது. எம்.ஜி.ஆர். 56 வயதில் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஆனார். அந்தப் பொய் அப்பட்டமானது, அதனாலேயே தீங்கற்றது. இன்றைய நாயகன் தன்னைத் தாத்தா என்று ஒப்புக்கொள்கிறான். 67 வயதுக் கமல்ஹாசனுக்கு 'விக்ரம்' (2022) படத்திலும், 72 வயது ரஜினிகாந்துக்கு 'ஜெயிலர்' (2023) படத்திலும் பேரன் உண்டு. மூப்புதான் இல்லை. பார்ப்பது இருபது வயதுக்காரனின் பகற்கனவை, தலை மட்டும் நரைத்து. 'அப்படியில்லையப்பா' என்று சொல்லக்கூடிய கிழவர் அரங்கில் இல்லை.

மாடிப்படி, டிக்கெட் விலை, இரைச்சல் எல்லாம் உண்மைக் காரணங்களே. ஆனால் 'கர்ணன்' (1964) புதுப்பிக்கப்பட்டு 2012-ல் வந்தபோது அதே கால்கள் படியேறின. படம் நூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று. 2024-ல் 'கில்லி' (2004) திரும்ப வந்தபோது கூட்டம் வேறு. டி.வி.யில் மனப்பாடமான வசனத்தைத் திரையை முந்திக்கொண்டு கூவிற்று. (குற்றமில்லை, தேர்த்திருவிழாவில் யார் சிற்பத்தைப் பார்க்கிறார்கள்?) இரு கூட்டமும் தேடி வந்தது கடந்துபோன வயதை. கிழவர்களுக்கு நம் சினிமா திருப்பிக் கொடுத்ததும் அதைத்தான், இப்போது அவர்கள் இருக்கும் வயதையல்ல.

அதைக் கொடுத்த படமாக எனக்கு உடனே நினைவுக்கு வருவது பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989). மனைவியை இழந்து, பட்டணத்தில் உறவினர் வீட்டில் ஒண்ட வரும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர். அவர் யாரையும் ஜெயிப்பதில்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், குழந்தையோடு விளையாடுகிறார், வீட்டுக்காரர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறார். அவருடைய மெதுவான நடைக்காகக் காமிரா காத்திருக்கிறது.