கூலோம் விதியில் மூன்று ‘எதிர்’கள்

தமிழ் டீச்சருக்கு இயற்பியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் இங்கே திறனாய்வு செய்வது கணக்கை அல்ல, கணக்கைச் சொல்லும் தமிழ் வாக்கியத்தை. அது நம் வேலைதானே?

போன வருடம் படிவம் ஆறு மாணவி ஒருத்தி நிலைமின்னியல் பயிற்சித் தாளோடு வந்தாள். ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பம். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. எஸ்.டி.பி.எம். பாடம் வேறு மொழியில் நடக்கிறது. புரியாத இடத்தில் தமிழ்க் குறிப்புகளைத் தேடிப் படித்திருக்கிறாள். “டீச்சர், சூத்திரம் மனப்பாடமா தெரியும். ஆனா குறிப்புல எல்லாமே எதிர், எதிர்னு வருது. எது எதுக்கு எதிர்?” என்றாள். தன்னால் இயற்பியல் முடியாது, பாடத்தை மாற்றிவிடலாம் என்றும் நினைத்திருந்தாள்.

பிரெஞ்சு அறிஞர் கூலோம் 1785-இல் முறுக்குத் தராசு கொண்டு கண்டதை நாம் பொதுவாக இப்படி எழுதுகிறோம்: இரு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், இடைத்தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பிழையில்லாத வாக்கியம். ஆனால் அடுத்த வரியிலேயே ‘எதிர் மின்னூட்டம்’ வருகிறது. அதற்கடுத்து, விசைகள் ‘எதிர்த்திசையில்’ செயல்படும் என்கிறோம். முதல் எதிர், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது. இரண்டாவது, மின்னூட்டத்தின் வகை. மூன்றாவது, திசை. மூன்றுக்கும் ஒரே சொல், மூன்றுக்கும் மாணவர் மனத்தில் ஒரே மைனஸ் குறி.

இதன் விளைவு அவள் தாளிலேயே இருந்தது. +3 மைக்ரோகூலோம், −2 மைக்ரோகூலோம், இடைத்தொலைவு 30 செ.மீ. இதுதான் கேள்வி. மைனஸையும் சேர்த்துப் போட்டு −0.6 நியூட்டன் என்று எழுதியிருந்தாள். அடுத்த கேள்வியின் விடை 0.4 நியூட்டன். எந்த விசை பெரியது என்றதற்கு 0.4 என்று பதில். “மைனஸ்னா கம்மிதானே டீச்சர்?” கணிதத்தில் அவள் சொன்னது சரி. இங்கே அந்த மைனஸ் ‘இழுக்கிறது’ என்று மட்டுமே சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. ஒரே கோட்டில் மூன்று மின்னூட்டங்கள் வந்தால் இந்தக் குழப்பம் இரண்டு மடங்காகும். மின்னூட்டத்தின் மைனஸும் திசையின் மைனஸும் மோதிக்கொள்ளும்.

என் பரிந்துரை எளிது. சூத்திரத்தில் குறிகளைப் போடாதீர்கள், அளவை மட்டும் போடுங்கள். மைக்ரோவை 10⁻⁶ ஆகவும், 30 செ.மீ.-ஐ 0.3 மீட்டராகவும் மாற்றுங்கள். 9 × 10⁹-ஐ 3 × 10⁻⁶-ஆலும் 2 × 10⁻⁶-ஆலும் பெருக்கினால் 0.054. அதை 0.3-இன் வர்க்கமான 0.09-ஆல் வகுத்தால் 0.6 நியூட்டன். ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை. பிறகு ஒரு வாக்கியம் எழுதுங்கள்: “வேறு வகை மின்னூட்டங்கள், ஆகவே ஒன்றையொன்று கவரும்.” திசையை அந்த வாக்கியத்திலிருந்து எடுங்கள். தொலைவைப் பாதியாக்கினால் விசை 2.4 நியூட்டன், அதாவது நான்கு மடங்கு.

அந்த ‘ஒன்றையொன்று’ முக்கியம். “பெரிய மின்னூட்டம் சின்னதை இழுக்கும்” என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். 3 மைக்ரோகூலோமின் மேலும் 0.6, 2 மைக்ரோகூலோமின் மேலும் அதே 0.6 நியூட்டன்தான். அதை ஒரே சொல்லில் சொல்லத் தமிழில் வழி இருக்கும்போது ஏன் விட வேண்டும்? ‘ஈர்ப்பு விசை’யைப் புவியீர்ப்புக்கு விட்டுவிட்டு இங்கே ‘கவர்ச்சி விசை’, ‘விலக்கு விசை’ என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கைத் தமிழில் ‘மறை ஏற்றம்’, ‘நேர்மாறு’ என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. குறைந்தது ‘நேர்மாறு’ என்பதையாவது நாம் எடுத்துக்கொண்டால் ஓர் ‘எதிர்’ குறையும்.

உதாரணங்களையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு கூலோம், ஒரு கூலோம், ஒரு மீட்டர் என்று கேட்பது நமக்கு வழக்கம். விடை 9 × 10⁹ நியூட்டன், சுமார் 9 லட்சம் டன் எடை. விடை சரியா, இல்லையா என்று மாணவர் தம் அறிவால் நிதானிக்கவே முடியாது.

பேராக்கில் நம்மிடம் வேறு உதாரணம் இருக்கிறது. 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சார் இங்கேதான். அந்த மாணவியின் பாட்டி பால்மரம் வெட்டியவர். மங்கில் சேரும் பால் ஏன் உடனே உறைவதில்லை? ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர் மின்னூட்டம் கொண்டது. எல்லாம் ஒரே வகை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. பார்மிக் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்யும். துகள்கள் மோதும், படலம் கிழியும், பால் கட்டியாகும். படிவம் ஐந்து வேதியியலில் இது இருக்கிறது. “பாட்டி ஆசிட் ஊத்துவாங்கன்னு சொல்வாங்க, இதுதானா?” என்றாள்.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை. நானே ஒருமுறை ரப்பர் பாலுக்கு எண்கள் போட்டுக் கணக்கு அமைத்தேன். அது தவறு. துகள்கள் புள்ளிகள் அல்ல. அவை மிதப்பது நீரில். நீரில் விசை ஏறக்குறைய 80-இல் ஒரு பங்காகக் குறையும். நம் 0.6 நியூட்டன் அங்கே 0.0075 ஆகிவிடும். சுற்றியுள்ள அயனிகள் விசையை இன்னும் மறைக்கும். ஆகவே விலக்கு என்றால் என்ன என்று காட்ட ரப்பர் பாலைப் பயன்படுத்துங்கள், எண் கணக்குக்கு இரண்டு சிறு கோளங்களே போதும்.

அவள் பாடத்தை மாற்றவில்லை. மைனஸ் இல்லாமல் கணக்கைப் போட்டு, கீழே ஒரு தமிழ் வாக்கியம் எழுதுகிறாள். தேர்வில் அதை வேறு மொழியில் எழுதிக்கொள்வாள். ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு மாணவர் “எனக்கு இயற்பியல் வராது” என்றால், அவர் தடுக்கியது கணக்கிலா, நம் வாக்கியத்திலா என்று முதலில் பாருங்கள்.