எந்த வாசல் வழியாக?

கி.பி. 968, ஜூன் 4. கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து மதில் வாசலில் ஒருவர் தம் ஆட்களோடும் குதிரைகளோடும் கொட்டும் மழையில் நிற்கிறார். பேரரசர் முதலாம் ஓட்டோவின் தூதர், இத்தாலியின் கிரெமோனா நகரத்து ஆயர், பெயர் லியுட்பிராண்ட். சாயங்காலம்வரை கதவு திறக்கவில்லை. திறந்தபோதும் குதிரையேறிப் போக அனுமதி கிடைக்கவில்லை, நடந்தே போனார்கள். தங்கக் கொடுத்த வீடு பளிங்கால் ஆனது, ஆனால் குளிரையும் தடுக்காது, வெயிலையும் தடுக்காது. வாசலில் காவல், உள்ளே குடிக்கத் தண்ணீர் கிடையாது, கொடுத்த திராட்சை மதுவில் பிசின் நாற்றம். நான்கு மாதம் அங்கே கிடந்தார். கிளம்பும்போது, அவர் வாங்கிவைத்திருந்த ஊதாப் பட்டுத் துணிகளில் ஐந்தை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டை அயல்நாட்டார் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையில் நகரத்தைப் பற்றி ஒரு நல்ல சொல் தேடினாலும் கிடைக்காது.

அதே லியுட்பிராண்ட் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 949இல், முதல்முறையாக இந்த நகரத்துக்கு வந்தார். அப்போது இளைஞர், வட இத்தாலியை ஆண்ட பெரெங்கார் அனுப்பிய தூதர். பெரெங்கார் பரிசு எதுவும் கொடுத்தனுப்பவில்லை. மானம் போய்விடக் கூடாதே என்று, தாம் தம் பெயரில் கொடுக்கக் கொண்டுவந்த பொருள்களையே அவர் பெயரில் கொடுத்தார். மக்னௌரா மண்டபத்தில் சிம்மாசனத்தின் முன்னால் பொன் பூசிய வெண்கல மரம் நிற்கிறது. கிளைகளில் வெண்கலப் பறவைகள், ஒவ்வொன்றும் தன் இனத்துக்குரிய குரலில் கூவுகிறது. சிங்கங்கள் வாலால் தரையை அடித்து வாய்திறந்து கர்ஜிக்கின்றன. மூன்றுமுறை விழுந்து வணங்கித் தலையை நிமிர்த்தினால், சற்றுமுன் எட்டும் உயரத்தில் உட்கார்ந்திருந்த பேரரசர் ஏழாம் கான்ஸ்டான்டின் வேறு உடையில் கூரையை ஒட்டி அமர்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் கண்டு தாம் அஞ்சவும் இல்லை, வியக்கவும் இல்லை என்கிறார் லியுட்பிராண்ட். முன்பே போய்வந்தவர்களிடம் விசாரித்து வைத்திருந்தாராம். அவருடைய தந்தையும், தாயின் இரண்டாம் கணவரும் அவருக்கு முன்னால் அதே அரசவைக்குத் தூது போனவர்கள். வியக்கவில்லை என்று சொன்னவர்தான் சிங்கத்தின் வாலசைவுவரை மறக்காமல் எழுதியிருக்கிறார். அந்த இயந்திரங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சித்திரம் இன்றும் அவருடையதுதான்.

ஒரே மனிதர், ஒரே நகரம். மாறியது உள்ளே விடப்பட்ட விதம் மட்டும்தான். முதல்முறை அரசவை அவருக்காகக் கதவைத் திறந்து ஒரு காட்சியை நடத்தியது. இரண்டாம்முறை கதவைச் சாத்தி மழையில் நிறுத்தியது.

330 முதல் 1922 வரை, இடையிடையே கைமாறினாலும், பேரரசுகளின் தலைநகராக இருந்த இந்த ஊரைப் பற்றி முதன்முதலாக வந்தவர்கள் எழுதிய குறிப்புகள் லத்தீன், அரபு, ருஷ்யன், எபிரேயம், காஸ்டிலியன், பிரெஞ்சு என்று பல மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. ருஷ்ய யாத்திரிகர்களின் குறிப்புகளை ஜார்ஜ் மஜெஸ்கா 1984இல் மூலத்தோடும் உரையோடும் தொகுத்தார். மேற்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி கிரைனா சிகார் 1996இல் எழுதினார். இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, பயணி சொல்வது உண்மையா, எந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பது. அது தேவையான கேள்விதான். ஆனால் இவற்றை அடுத்தடுத்துப் படிக்கிறவனுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. பயணி என்ன பார்த்தார் என்பதை அவருடைய மதமோ மொழியோ ரசனையோ தீர்மானித்ததைவிட, அவர் எந்த வாசலில், எந்த நிபந்தனையில், யார் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார் என்பதே அதிகம் தீர்மானித்திருக்கிறது.

நகரத்தின் இன்றைய பெயரே இந்த நுழைவிலிருந்து பிறந்தது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் கருத்து. 'நகருக்குள்' என்று பொருள்படும் 'எயிஸ் தீன் போலின்' என்ற கிரேக்கச் சொற்றொடர் தேய்ந்து இஸ்தான்புல் ஆனது. சென்னைக்குப் போவதைப் 'பட்டணம் போகிறேன்' என்று நம் முன்னோர் சொன்னதுபோல, அந்தப் பக்கத்து மக்களுக்கு நகரம் என்றால் அது ஒன்றுதான்.

நகரமும் யாரை எப்படி உள்ளே விடுவது என்பதைக் கவனமாக வகுத்திருந்தது. 10ஆம் நூற்றாண்டில் ருஸ் வணிகர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் ருஷ்ய ஆதி நாளாகமத்தில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே புனித மாமாஸ் பகுதியில் தங்க வேண்டும். பெயர் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரே வாசல் வழியாக, ஆயுதம் இல்லாமல், ஐம்பது ஐம்பது பேராக, அரசு அலுவலர் ஒருவரோடு உள்ளே வர வேண்டும். பதிலுக்கு ரொட்டி, மது, இறைச்சி, மீன், பழம் உண்டு. வேண்டியமட்டும் குளியலும் உண்டு. 1097இல் முதல் சிலுவைப் படையோடு வந்த ஷார்த்ர் நகரத்து ஃபுல்ஷேர், ஐந்தாறு பேராகத்தான் தேவாலயங்களில் வழிபட விட்டார்கள் என்று எழுதுகிறார். அந்தப் படையை மதிலின் உட்பக்கத்திலிருந்து பார்த்தவரும் எழுதிவைத்திருக்கிறார். பேரரசரின் மகள் அன்னா கொம்னேனா அப்போது பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமி. பிற்காலத்தில் அவர் எழுதிய வரலாற்றைப் படித்தால், ஐந்தாறு பேர் என்ற கணக்கு ஏன் வந்தது என்பது புரிந்துவிடும்.

கைதியாக வந்தவருக்கும் ஒரு வாசல் இருந்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அஸ்கலோனில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட ஹாரூன் இப்னு யஹ்யாவின் குறிப்பு, இப்னு ருஸ்தாவின் நூலில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவப் பெருநாள் விருந்துக்கு முஸ்லிம் கைதிகளையும் அரண்மனைக்கு அழைத்துவருகிறார்கள். இந்த உணவில் பன்றி இறைச்சி இல்லை என்று பேரரசரின் தலைமேல் ஆணையிட்டு அறிவிக்கப்படுகிறது. விலங்கு பூட்டிக் கொண்டுவந்தவனுக்கு அவன் மார்க்கம் கெடாமல் சோறு போட்டு அதையும் உரக்கச் சொல்லும் ஓர் அரசின் தன்னம்பிக்கை, எனக்கு வெண்கலச் சிங்கங்களைவிடப் பெரிய காட்சியாகத் தோன்றுகிறது. தூதர் எவரும் இதை எழுதவில்லை. அவர்கள் உட்கார்ந்த இடம் வேறு.

இப்னு பதூதா வந்த கதை இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது. 1330களின் தொடக்கம். பொன் நாடோடிப் படையின் தலைவர் உஸ்பெக் கானின் மனைவிகளில் ஒருவர் கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட பைசாந்தியப் பேரரசரின் மகள். பயலூன் என்று அவரைக் குறிப்பிடுகிறார் பதூதா. பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போகும் அவருடைய பரிவாரத்தோடு இவரும் ஒட்டிக்கொள்கிறார். எல்லை தாண்டியதும் வழியெல்லாம் கூடவந்த மசூதிக் கூடாரம் பின்னால் விடப்படுகிறது; தொழுகை அழைப்பு நிற்கிறது. அரண்மனையின் முதல் வாசலில் சுமார் நூறு காவலர்கள் 'சராகினு, சராகினு' என்று முணுமுணுத்து வழிமறிக்கிறார்கள். சராசென், அதாவது முஸ்லிம். பிறகு இளவரசியின் சொல்லால் கதவு திறக்கிறது.

நான்காம் நாள் பேரரசரைப் பார்க்க இவரை அழைத்துப்போனவர் பெயர் சும்புல். இந்தியர். அரசியின் பணியாள். அவர் எந்த ஊரில் பிறந்து, எந்தச் சந்தையில் விற்கப்பட்டு அங்கே வந்துசேர்ந்தார் என்பதைப் பதூதா சொல்லவில்லை. அரண்மனை வாசலில் ஒரு மொராக்கோக்காரரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும் அந்த இந்தியரை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நகரத்தை அவர் முதன்முதலில் பார்த்த நாளுக்கு எழுத்து இல்லை.

உள்ளே கத்தி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இருபுறமும் ஆட்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடத்திப்போகிறார்கள். சிரியாவைச் சேர்ந்த ஒரு யூதர் மொழிபெயர்க்க, பேரரசர் ஜெருசலேமைப் பற்றியும் பெத்லகேமைப் பற்றியும் டமாஸ்கஸ், ஈராக் பற்றியும் கேட்கிறார். பதிலில் மகிழ்ந்து அங்கியும் குதிரையும் குடையும் கொடுக்கிறார். துருக்கியப் பக்கத்திலிருந்து வந்தவரை யாரும் தொந்தரவு செய்யாதபடி, ஊருக்குத் தெரியட்டும் என்று, எக்காளம் முழங்கக் கடைத்தெரு வழியாக அவரை ஊர்வலம் விடுகிறார்கள். அந்தக் குடையின் நிழலிலிருந்துதான் பதூதா நகரத்தைப் பார்த்தார். மதிலுக்குள்ளேயே சுமார் பதின்மூன்று குடியிருப்புகள் தனித்தனி ஊர்களாக இருந்ததை எழுதுகிறார். சுருங்கிக்கொண்டிருந்த நகரத்துக்கு அது அந்நியர் ஒருவரின் சாட்சியம். நகரத்தின் பெரிய தேவாலயமான ஹாகியா சோஃபியாவின் வெளிப்புறத்தை மட்டும் வர்ணித்து நிறுத்திக்கொள்கிறார். உள்ளே போகிறவர் சிலுவையை வணங்க வேண்டும் என்றார்கள், அவர் போகவில்லை. எல்லா வாசலையும் திறந்துகொண்டு போனவர் தாமாகவே திரும்பிய வாசல் அது ஒன்றுதான். இதே பதூதா பத்தாண்டு கழித்து மதுரைக்கு வந்து, அங்கே பரவிய காய்ச்சலில் விழுந்து, புளி கரைத்துக் குடித்துப் பிழைத்தார் என்பதை நம் வாசகருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வாசலை உடைத்து வந்தவர்களும் எழுதினார்கள். நான்காம் சிலுவைப் படை 1204இல் நகரத்தைச் சூறையாடியபோது உடனிருந்த ரோபேர் தெ கிளாரி ஒரு சாதாரணப் பிகார்டி வீரர். நல்ல மாளிகைகளையெல்லாம் பெரிய பிரபுக்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள், ஏழை வீரர்களுக்குச் சொல்லவே இல்லை என்ற ஆற்றாமை அவர் எழுத்தில் உண்டு. ஹாகியா சோஃபியாவின் தூண் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைத் தீர்க்கும் என்று எழுதுகிறார். அவர் சொல்லும் அற்புதங்களை நான் ரசித்துப் படிக்க முயன்று தோற்றிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் பொருள்களின் பட்டியல் வருகிறது. ஊர் எரிந்துகொண்டிருந்த நாள்கள் அவை.

இருநூறு ஆண்டு கழித்து, 1403இல், தைமூரின் அவைக்குப் போகும் வழியில் வந்த காஸ்டிலியத் தூதர் கிளாவிஹோ, மதிலுக்குள் வயல்களையும் தோட்டங்களையும் பார்க்கிறார். ஒரு தேவாலயத்தில் திருப்பண்டங்களைக் காட்ட முடியவில்லை. பேரரசர் வேட்டைக்குப் போயிருக்கிறார். சாவியை அரசியிடம் கொடுத்திருக்கிறார். அரசி அனுப்ப மறந்துவிட்டார். வேறொரு நாள் வந்து பார்க்கிறார்கள். ஒருகாலத்தில் பறவைகளைக் கூவவைத்து அயலாரை மிரளவைத்த அரசு, இப்போது ஒரு சாவிக்கொத்தில் வந்து நிற்கிறது. பைசாந்தியத்தின் தளர்ச்சியைப் பற்றி எத்தனை வரலாறு படித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சாவிதான்.

1453இல் நகரம் உஸ்மானியர் கைக்குப் போனபிறகு வாசல்காரர்கள் மாறினார்கள். உஸ்மானியக் காலத்தில் வந்த ஐரோப்பிய ஆண்கள், தாம் நுழையவே முடியாத பெண்கள் பகுதியைப் பற்றித்தான் மிக அதிகம் எழுதினார்கள். 1717இல் ஆங்கிலேயத் தூதரின் மனைவியாக வந்த மேரி வோர்ட்லி மாண்டேகு அந்த வீடுகளுக்கு விருந்தாளியாகப் போனார். தமக்கு முன் எழுதியவர்கள் பார்க்காததை எழுதியிருக்கிறார்கள் என்று கடிதங்களில் நேராகவே சாடினார். அம்மை குத்தும் முறையை அறிந்து, 1718இல் தம் மகனுக்கு அங்கேயே செய்வித்ததும் பெண்கள் வட்டத்தில் அவருக்குக் கிடைத்த பழக்கத்தின் பயன். 1830களில் வந்த ஜூலியா பார்டோ துருக்கிய ஆண் வேடத்தில் இரவில், அப்போது மசூதியாக இருந்த ஹாகியா சோஃபியாவுக்குள் போனார். கிறிஸ்தவருக்கு ஆணைப்பத்திரம் இல்லாமல் உள்ளே இடமில்லாத காலம். இருவருமே தமக்கென்று வேறு வாசலைத் தேடிக்கொண்டவர்கள். இந்தத் துறையில் இன்றும் புத்துயிரோடு படிக்கக் கிடைப்பவை அவர்களுடைய பக்கங்கள்.

கோத்தியே, நெர்வால், மார்க் ட்வைன் என்று 19ஆம் நூற்றாண்டுப் பட்டியல் நீளம். நீராவிக் கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் கடலிலிருந்து தெரியும் கோபுர வரிசையையே முதலில் எழுதுகிறார்கள். இறங்கி நடந்ததும் சேற்றையும் தெருநாய்களையும். 1856இல் மெல்வில்லும் 1874இல் இத்தாலியரான தெ அமிசிஸும் மூடுபனியில் வந்து, அது விலகும்வரை காத்திருந்தார்கள். தெ அமிசிஸ் அந்தக் காத்திருப்பை வைத்தே ஓர் அத்தியாயம் செய்துவிட்டார். 1892இல் இந்தியாவிலிருந்து போன அறிஞர் ஷிப்லி நுஃமானிக்கோ இந்தக் காட்சிகளில் கவனம் இல்லை. அவர் நூல்நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் போனார். கையெழுத்துப் பிரதிகள் தேடி வந்தவருக்கு நகரம் ஏடுகளாகவே தெரிந்தது.

பார்க்கப்பட்டவர்களின் பக்கத்தை ஓரான் பாமுக் 2003இல் வெளியான இஸ்தான்புல் நினைவு நூலில் எழுதினார். தம் ஊரைப் பற்றி ஊர்க்காரர்கள் பழங்காலத்தில் அதிகம் எழுதிவைக்கவில்லை. ஆகவே அந்நியரின் குறிப்புகளில் தம் தெருக்களைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது என்கிறார். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் எழுதியதைக்கொண்டு வீட்டுக்காரர் தம் வீட்டை அறியும் நிலை இது.

இன்று அந்தக் கடல் நுழைவு போய்விட்டது. 2019 முதல் பெரும்பாலானோர் வந்திறங்குவது நகரத்துக்கு வடக்கே, கருங்கடலை ஒட்டிய விமான நிலையத்தில். நானும் அப்படித்தான், ஓர் இரவில், நெடுஞ்சாலை விளக்குகளுக்கு நடுவே வந்துசேர்ந்தேன். ஆயிரம் ஆண்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போனவனுக்கு நகரத்தின் முதல் காட்சி ஒரு சுங்கச்சாவடி. மறுநாள் காலையில் வேண்டுமென்றே படகேறி ஆசியக் கரைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தேன். அப்போதுதான் கோபுரங்கள் தண்ணீரிலிருந்து எழுந்தன.

ஹாகியா சோஃபியா 1935 முதல் அருங்காட்சியகமாக இருந்து, 2020இல் மீண்டும் மசூதியானது. 2024 ஜனவரி முதல் அங்கே இரண்டு வாசல். தொழுகைக்கு வருகிறவர்கள் கீழ்த்தளத்துக்குப் போகிறார்கள். அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 25 யூரோ கொடுத்து வேறு வழியாக மேல்மாடத்துக்குப் போகிறார்கள். அங்கே தெற்குப் பகுதியில், பளிங்குக் கைப்பிடிச் சுவரின்மேல், வட ஐரோப்பாவின் ரூனிக் எழுத்துகளில் ஒரு கீறல் இருக்கிறது. பேரரசரின் மெய்க்காவலில் இருந்த வரங்கியப் படைவீரன் ஒருவன், கீழே நடக்கும் நீண்ட வழிபாட்டைக் கேட்டபடி நின்று கீறியதாக இருக்கலாம். 1964இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. ஹால்ஃப்டான் என்ற பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் படிக்க முடிகிறது.