பாட்டியின் குரலும் பாட்டியும்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், அமேசான் நிறுவனம் ஒரு குறும்படத்தைக் காட்டியது. 'ஓஸ் மந்திரவாதி' கதையைப் பாட்டி படித்து முடிப்பாரா என்று, அலெக்ஸா என்னும் பேசும் கருவியிடம் குழந்தை கேட்கிறது. மறைந்த பாட்டியின் குரலில் கருவி படிக்கிறது. ஒரு நிமிடத்திற்கும் குறைவான ஒலிப்பதிவே இதற்குப் போதும் என்றனர்; அன்பரை இழந்தோர்க்கு நினைவு நிலைக்கும் என்றும் கூறினர்.

அந்நோக்கத்தை நாம் இகழவில்லை. இறந்தோரின் குரற்பதிவைப் பேணுவோர் நம்மிடையேயும் உளர். ஆயின் பதிவிலுள்ளவை அவர் சொன்ன சொற்கள். கருவி உரைப்பனவோ அவர் ஒருபோதும் சொல்லாதவை. பாட்டி படிக்கையில் குழந்தை குறுக்கிட்டுக் கேட்கும். அவர் நிறுத்தி விடை சொல்வார். களைத்தால், "மீதி நாளைக்கு" என்பார். அக்களைப்பிலும் அன்பு இருந்தது.

மேலும், குழந்தைக்கும் கருவிக்கும் இடையே நிகழும் இவ்வுரையாடலில் பெற்றோர்க்கு இடமில்லை. பாட்டி விட்ட இடத்திலிருந்து படிக்கவேண்டியவர் அவர்களன்றோ? படிக்கையில் தாயின் குரல் தழுதழுக்குமாயின், குழந்தை அதைக் கேட்கட்டும். தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்பதை அது அப்போது அறியும். துக்க வீடுகளுக்குச் செல்லும் நாம், அப்புத்தகத்தைப் பெற்றோரின் கையில் கொடுப்போமாக.