மலை நோய்க்கு ஹைட்ரஜன் தண்ணீரா?

சோர்வு, சர்க்கரை, மூட்டுவலி என, ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்த ஹைட்ரஜன் தண்ணீர் தீர்ப்பதாகச் சொல்லப்படும் பட்டியலில் நாட்பட்ட மலை நோயும் சேர்ந்துவிட்டது. "மருந்தை நிறுத்தச் சொல்லவில்லையே, கூடவே குடித்தால் என்ன கெடுதல்?" என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள்.

இந்த நோய் 2,500 மீட்டருக்கு மேல் நெடுங்காலம் வாழ்பவர்களுக்கு வருவது. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம்கூட அந்த உயரத்தைத் தொடாது. மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பேச்சு பொருந்துவது, இங்கிருந்து போய் லடாக்கிலும் சியாச்சினிலும் காவல் நிற்கும் ராணுவ வீரர்களுக்குத்தான்.

கருத்து ஆதாரமற்றதல்ல. ஹைட்ரஜன் கொடிய ஆக்சிஜன் கூறுகளைத் தேர்ந்து அடக்குகிறது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் காட்டினார்கள். தண்ணீரால் தீங்கும் இல்லை. ஆனால் அந்த ஆய்வின் எலிகள் வாயுவைச் சுவாசித்தன, தண்ணீராகக் குடிக்கவில்லை.

சிக்கலே அளவில்தான். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஹைட்ரஜன் சுமார் 1.6 மில்லிகிராம். அரை லிட்டர் குடித்தால் உள்ளே போவது பத்து மில்லிலிட்டர் வாயுகூட இல்லை. மொச்சைக் குழம்பு சாப்பிட்டவரின் குடலில் நுண்ணுயிர்கள் இதைவிடப் பல மடங்கு ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. மூச்சில் வெளியேறும் அந்த வாயுவை அளந்துதான் பால் செரியாமையையே மருத்துவர்கள் கண்டறிகிறார்கள். பாட்டிலின் சிறு அளவு நோயைத் தணிக்கும் என்பவர்கள், குடலின் பெரிய அளவு ஏன் தணிக்கவில்லை என்று முதலில் விளக்கட்டும். உடலில் சட்டென ஏறி இறங்கும் ஹைட்ரஜன் அளவே வேலை செய்கிறது என்ற பதில் இன்னும் ஊகம்தான்.

மேலே போகப் போக நிலைமை மோசமாகிறது. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீரில் நிற்கும் வாயுவும் குறையும். 3,500 மீட்டர் உயரத்து லேயில், அதே வெப்பநிலையில், கடல்மட்டத்தில் கரைவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கரையும். நோயுள்ள இடத்திலேயே மருந்து நீர்த்துப்போகிறது!

நோயின் வேர் ஆக்சிஜன் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 21 கிராமைத் தொடும்போது ரத்தம் தடித்து இதயம் திணறுகிறது. இந்த வேரை ஹைட்ரஜன் தொடுவதே இல்லை. நாட்பட்ட மலை நோய்க்கு நெருங்கிய இதயச் செயலிழப்பை, 5,800 மீட்டருக்கு மேல் பணியாற்றிய 21 இந்திய வீரர்களிடம் கண்டு 1990இல் 'லான்செட்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வீரர்களைத் தேற்றியது கீழே இறங்கியதுதான்.

விடுப்பில் கம்பத்துக்கு வரும் வீரர் அந்த வாரங்களில் ஹைட்ரஜன் தண்ணீரும் குடித்தால், பள்ளத்தாக்கின் காற்று செய்த வேலைக்குப் பாட்டில் பெயர் வாங்கிக்கொள்ளும். தேறிவிட்டோம் என்று நம்பி அவர் மறுபடி மலையேறுவார். 'கூடவே குடித்தால் என்ன' என்ற கேள்விக்குள் இருக்கும் கெடுதல் இதுதான். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, மீண்டும் அந்த உயரத்துக்குப் போகலாமா என்று அவர் ராணுவ மருத்துவரிடம் கேட்க வேண்டும்.